பல் செட் கட்டப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க

வெதுருகுப்பம் பக்கத்துல யாராவது மாமரத்துல இருந்து விழுந்து கை முறிஞ்சா ஒருத்தரும் யோசிக்கிறதில்ல, வண்டியை நேரா புத்தூர் கட்டுக்கு விடுறாங்க. பல்லுக்கு மட்டும் அந்த அவசரம் நமக்கு வர்றதே இல்ல. ஒரு பல் விழுந்தா "இன்னொரு பக்கம் மென்னுக்கலாம்". நாலு விழுந்தா "வயசாச்சு, விடு". எல்லாம் போய் கன்னம் ஒட்டின பிறகு, பேத்தி கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது "போட்டோவுக்கு நிக்கணும், சீக்கிரம் பல் கட்டிவிடுங்க"ன்னு கிளம்புறாங்க. பத்து நாள்ல கட்டுற செட், கல்யாணம் முடிஞ்ச மறுநாளே பீரோவுக்குள்ள போயிடும். எத்தனை வீட்டு பீரோவுல அப்படித் தூங்குது தெரியுமா?

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கோங்க. பல் போன இடத்துல தாடை எலும்பு கரைஞ்சுகிட்டே இருக்கும், ஈறு இறங்கிகிட்டே இருக்கும். செட் மட்டும் கட்டின அன்னைக்கு இருந்த அளவுலயே நிக்கும். ஆன்ட்யே டால்கிரென்னு ஒரு பல் மருத்துவர், முழு செட் போட்டவங்களை 25 வருஷம் தொடர்ந்து பார்த்து 1972-ல ஆய்வை வெளியிட்டாங்க. கரையறது நிக்கவே இல்லைன்னும், மேல்தாடையை விடக் கீழ்த்தாடை சுமார் நாலு மடங்கு அதிகமா கரையுதுன்னும் அதுல தெரிஞ்சுது. அதனால செட்டை ஒரு தடவை வாங்கிப் போட்டுட்டு மறந்துடலாம்னு நினைக்காதீங்க. கட்டின டாக்டர்கிட்ட திரும்பத் திரும்பப் போகணும். நான் கீழே சொல்றதுல பாதி இந்த ஒரு காரணத்துல இருந்துதான் வருது.

கிளம்புறதுக்கு முன்னாடி

1. ஒரு பல்தானேன்னு விடாதீங்க. காலியான இடத்துக்குப் பக்கத்துப் பல் சாயும். எதிர்ப் பல் மேல இருந்து கீழே இறங்கும், இல்ல கீழே இருந்து மேல ஏறும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நீங்க போகும்போது, பல் வைக்க இடமே இருக்காது. அப்போ நல்லா இருக்கிற பல்லையும் ராவணும். கடைவாய்ப் பல் வெளியே தெரியாதுன்னு சும்மா இருக்கிறவங்கதான் இதுல அதிகம் மாட்டுறாங்க.

2. "மொத்தத்தையும் புடுங்கிட்டு ஒரே செட்டா கட்டிடுங்க"ன்னு கேட்காதீங்க. இது நம்ம பெரியவங்க அடிக்கடி பண்ற தப்பு. ஆடுற பல்லைப் பார்த்து எரிச்சல் வந்து, ஆடாத பல்லையும் சேர்த்துக் கொடுத்துடுறாங்க. கீழ்த்தாடையில கெட்டியா ரெண்டு கோரைப்பல் மிஞ்சியிருந்தா அது சொத்து. அதன் வேரை வைத்தியம் பண்ணி, மேல செட்டை உட்கார வைக்க முடியும். வேர் இருக்கிற இடத்துல எலும்பும் சீக்கிரம் கரையாது. புடுங்கச் சொல்ற டாக்டர்கிட்ட "இதுல எதையாவது காப்பாத்த முடியுமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு கிடையாது.

3. சுகர், மாத்திரை எல்லாத்தையும் முதல் நாளே சொல்லிடுங்க. சுகர் ஏறி இருந்தா பல் எடுத்த புண் ஆறாது. இதயத்துக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, அதைத் தாங்களா நிறுத்தக் கூடாது, மறைக்கவும் கூடாது. சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. மாத்திரை பேர் ஞாபகம் இல்லன்னா அட்டையையே பையில போடுங்க.

4. பல் எடுத்த மறுவாரமே அளவு கொடுக்காதீங்க. புண் ஆறி, ஈறு ஓரளவு நிலைக்கு வர ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் வரை ஆகும். அதுவரைக்கும் பல்லில்லாம வெளியே போகக் கூச்சமா இருக்கா? பல் எடுக்கிற அன்னைக்கே போட்டுக்கிற தற்காலிக செட்டும் இருக்கு, முன்கூட்டியே கேளுங்க. ஆனா ஈறு இறங்கினதும் அது லூசாகும். அதைத் திரும்ப அளவு பார்க்கணும்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டே வாங்குங்க. கல்யாணம் வருதுன்னா நாலு மாசம் முன்னாடி ஆரம்பிங்க. பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி பல் டாக்டரைப் பார்க்கணும்.

யார்கிட்ட போகணும், யார்கிட்ட போகவே கூடாது

5. அரை மணி நேரத்துல பல் கட்டுறவர்கிட்ட போகாதீங்க. இதை மட்டும் நான் நீட்டித்தான் சொல்லப் போறேன், பொறுமையா கேளுங்க.

சந்தைப் பக்கத்துலயும் பஸ் ஸ்டாண்டு ஓரத்துலயும் கண்ணாடிப் பெட்டியில பல் வரிசையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. ஒரு பொடி, ஒரு தண்ணி ரெண்டையும் குழைச்சு, உங்க வாய்க்குள்ளயே அப்பி, பக்கத்துப் பல்லோட கம்பி போட்டுக் கட்டி அனுப்பிடுவாங்க. கழட்ட வேண்டாம், ஒரே தடவையில முடிஞ்சுது, காசும் கம்மி. கேட்க நல்லாத்தான் இருக்கும்.

நடக்கிறது என்ன? அந்தக் கலவை இறுகும்போது சூடாகும், அந்தத் தண்ணி ஈறைச் சுட்டுடும். கழட்ட முடியாத அந்தக் கட்டிக்கு அடியில சோறும் எச்சிலும் சேர்ந்து அழுகும். வாய் நாறும். கம்பி சுத்தின நல்ல பல் ரெண்டும் ஆட ஆரம்பிக்கும். ஒரு பல் இல்லைன்னு போனவங்க மூணு பல்லை இழந்துட்டு வருவாங்க.

இன்னொரு வேலையும் பண்ணுவாங்க. மேல் செட் நிக்கலைன்னா உள்பக்கம் ஒரு சின்ன ரப்பர் வட்டு வெச்சுக் கொடுப்பாங்க. உறிஞ்சிப் பிடிச்சுக்கிட்டு செட் கப்புன்னு நிக்கும், உங்களுக்கும் சந்தோஷம். வருஷக்கணக்கா அதே இடத்தை அது உறிஞ்சினா அண்ணத்துல சதை அரிச்சு, எலும்பும் அரிச்சு, மூக்கு வரைக்கும் ஓட்டையே விழுந்துடும். குடிச்ச தண்ணி மூக்கு வழியா வந்தவங்களைப் பற்றி நம்ம நாட்டு பல் மருத்துவ இதழ்கள்ல பல தடவை எழுதியிருக்காங்க. உங்க வீட்டுப் பெரியவங்க செட்டைத் திருப்பிப் பாருங்க. நடுவுல ரப்பர் இருந்தா அன்னைக்கே அதைக் கழட்டி வெச்சுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

"எங்க தாத்தா அந்தக் காலத்துல போர்டு போட்ட சீனாக்காரர்கிட்டதான் கட்டினார், நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சொல்லுவீங்க. இருக்கலாம். சீனாவுல இருந்து வந்து மெட்ராஸ்ல குடியேறி, தலைமுறை தலைமுறையா இந்த வேலையைச் செஞ்ச குடும்பங்கள் உண்டு. படிச்ச டாக்டருங்க அபூர்வமா இருந்த காலம் அது. 1948-லயே பல் டாக்டர்களுக்குத் தனிச் சட்டம் வந்தாச்சு. பதிவு எண் இல்லாதவர் உங்க வாயில கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

6. பல் மருத்துவக் கல்லூரியை ஒதுக்காதீங்க. "ஸ்டூடண்ட்ஸ் பண்ணுவாங்களே"ன்னு பயப்படுறீங்க. பண்ணட்டுமே! ஒவ்வொரு கட்டத்தையும் பின்னாடி நின்னு பேராசிரியர் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் அந்தப் பையன் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். இத்தனை முழு செட் செஞ்சு முடிக்கணும்னு அவங்களுக்குப் படிப்புலயே கணக்கு இருக்கு. அதனால உங்களை ராஜா மாதிரி கவனிப்பாங்க. செலவும் வெளியே ஆகிறதுல ஒரு பங்குதான். நேரம் மட்டும் அதிகம் எடுக்கும், அரை நாள் போயிடும். பச்சிகாபள்ளத்துல பஸ் ஏறினா திருப்பதி. அங்கே ரேணிகுண்டா ரோட்டுல சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. வேலூர்ல சொந்தம் இருக்கிறவங்களுக்கு சி.எம்.சி.யில பல் பிரிவு உண்டு. சென்னையில பிள்ளை வீடு இருந்தா கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953-ல ஆரம்பிச்சது.

தனி கிளினிக் போறதா இருந்தா, செட் கட்டுறதுக்குன்னே எம்.டி.எஸ். படிச்சவங்க இருக்காங்க. அந்தப் படிப்புக்குப் பேர் பிராஸ்தோடான்டிக்ஸ். முழு செட்டுன்னா அவங்களைத் தேடிப் போறது நல்லது. வீட்டுக்குப் பக்கமா இருக்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர்னும் சொல்லுவேன், ஏன்னா கட்டின பிறகு நாலஞ்சு தடவை போகணும். பெங்களூருல கட்டிட்டு வெதுருகுப்பத்துல இருந்து வாய்ப்புண்ணோட தவிக்காதீங்க.

7. இலவசமா கிடைக்குதான்னு கேளுங்க, கேட்கிறதுல வெட்கம் எதுக்கு? மத்திய அரசோட ராஷ்டிரிய வயோஸ்ரீ யோஜனாவை 2017 ஏப்ரல்ல ஆரம்பிச்சதே நம்ம ஆந்திராவுல, நெல்லூர்லதான். 60 வயசு தாண்டின ஏழைப் பெரியவங்களுக்கு ஊன்றுகோல், காது மெஷின், கண்ணாடி இதோட பல் செட்டும் அந்தப் பட்டியல்ல உண்டு. பல பேருக்குக் கைத்தடி மட்டும்தான் தெரியும், பல் செட் இருக்கிறது தெரியாது. முகாம் மாவட்டவாரியா நடக்கும். 2022-ல திருப்பதி தனி மாவட்டமா போயிடுச்சு, நம்ம வெதுருகுப்பம் மண்டலம் சித்தூர்லயே இருக்கு. அதனால சித்தூர் அறிவிப்பைக் கவனிங்க. கிராம சச்சிவாலயத்துல ஆதார், ரேஷன் கார்டோட போய் அடுத்த முகாம் எப்போன்னு கேட்டு வைங்க.

எந்த செட்

விளம்பரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சுருக்கமா சொல்றேன்.

- அக்ரிலிக் செட்: ரோஸ் கலர் ஈறோட வர்றது. பெரும்பாலானவங்களுக்கு இதுதான். உடைஞ்சா ஒட்டலாம், லூசானா உள்ளே திரும்பப் பூசலாம், பல் போனா சேர்க்கலாம். "லேப்ல வேக வெச்சுப் பண்றதுதானே?"ன்னு மட்டும் கேட்டுக்கோங்க, அதுதான் உறுதி.
- மெட்டல் தகடு வெச்சது: சில பல் மிச்சம் இருக்கிறவங்களுக்கு. மெல்லிசு, உடையாது, மிச்சப் பல்லுக்கும் பாரம் கம்மி. விலை கூட. பணம் போட முடிஞ்சா இதுக்குப் போடுங்க.
- வளையுற செட்: கம்பி தெரியாது, மென்மையா இருக்கும், பார்க்க அழகு. ஆனா லூசானா சரிபண்றது கஷ்டம், பல் சேர்க்கிறதும் கஷ்டம். ஈறு மாறிகிட்டே இருக்கும்னு மேல சொன்னேனே, அப்ப யோசிச்சுக்கோங்க.
- பிரிட்ஜ்: கழட்ட வேண்டாம். ரெண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லை ராவித்தான் வைப்பாங்க. அந்தப் பல் கெட்டியா இருந்தாத்தான் சரி.
- இம்பிளான்ட்: எலும்புல திருகாணி போடுறது. எல்லா பல்லுக்கும் போடணும்னு இல்ல. 2002-ல கனடாவுல மெக்கில் பல்கலைக்கழகத்துல கூடின நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு ரெண்டே ரெண்டு இம்பிளான்ட் போட்டு அதுமேல செட்டை மாட்டுறதுதான் முதல் தேர்வா இருக்கணும்னு சொன்னாங்க. கீழ் செட்டே நிக்காம அல்லாடுறவங்க இதைப் பற்றிக் கேளுங்க. சுகர் கட்டுப்பாட்டுல இல்லாம, பீடியையும் விடாம இதுக்குப் பணம் கட்டாதீங்க.

அளவெடுக்கும்போது

8. வயிறு முட்டச் சாப்பிட்டுப் போகாதீங்க. வாய்க்குள்ள மாவு வெச்சு அளவெடுக்கும்போது குமட்டும். தலையை முன்னாடி சாய்ச்சு, மூக்கால மூச்சு விட்டா சரியாகும். கடைசி அளவுல கிராம்பு வாசனை தூக்கும், அதுக்கும் பயப்படாதீங்க. முழு செட்டுக்கு ஒழுங்கான டாக்டர் நாலஞ்சு தடவையாவது வரச் சொல்லுவார். "எதுக்கு இத்தனை தடவை"ன்னு சண்டை போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேலை நடக்குது.

9. மெழுகுல பல் வெச்சுக் காட்டுற நாள்தான் முக்கியமான நாள். அன்னைக்கு மட்டும் பெரியவங்களைத் தனியா அனுப்பாதீங்க. மகளோ மருமகளோ கூடப் போங்க. பல்லிருந்த காலத்துல எடுத்த போட்டோ ஒண்ணு கொண்டு போங்க. மெழுகுல இருக்கும்போது பல்லை ஏத்தலாம், இறக்கலாம், நிறம் மாத்தலாம். வெந்து வந்த பிறகு அழுது புண்ணியம் இல்ல.

அந்த மெழுகு செட்டைப் போட்டுக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துல கண்ணாடி பாருங்க. சும்மா இருக்கும்போது உதடு மூடுதா? சிரிச்சா ஈறு முழுசும் தெரியுதா? "அறுபது, அறுபத்தொண்ணு"ன்னு எண்ணச் சொல்லுங்க. அப்போ மேல் பல்லும் கீழ்ப் பல்லும் டக் டக்னு இடிச்சா உயரம் அதிகம், உடனே சொல்லிடுங்க. நிறத்துல மட்டும் பேராசை வேண்டாம். எழுபது வயசு முகத்துல சுண்ணாம்பு வெள்ளையில பல் இருந்தா, தூரத்துல இருந்தே பொய்ப்பல்லுன்னு தெரியும். டாக்டர் கொஞ்சம் மஞ்சளா காட்டினா அதையே எடுங்க.

10. செட்டுக்குள்ள பேர் போடச் சொல்லுங்க. லேப்ல செய்யும்போதே உள்பக்கம் பேரைப் பொதிச்சுக் கொடுக்க முடியும். எதுக்குன்னு கீழே சொல்றேன்.

முதல் மாசம்

11. ரெண்டு நாள்ல பழகலைன்னு கழட்டி எறியாதீங்க. வாய் நிறைஞ்ச மாதிரி இருக்கும், எச்சில் ஊறும், பேச்சு குழறும். புதுசா ஒரு பொருளை வாய்க்குள்ள விட்டா அப்படித்தான், சில வாரத்துல அடங்கும். தினமும் கால் மணி நேரம் பேப்பரை உரக்கப் படிங்க. படிக்கத் தெரியாதவங்க மனப்பாடமா இருக்கிற சுலோகத்தையோ கவசத்தையோ சத்தமா சொல்லட்டும். நாக்கு தானா இடம் கண்டுபிடிச்சுக்கும்.

12. கீழ் செட் ஆடுதுன்னு டாக்டரைத் திட்டாதீங்க. ஈரமான ரெண்டு கண்ணாடித் தட்டை ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா ஒட்டிக்கும் பாருங்க, மேல் செட் அண்ணத்தோட அப்படித்தான் ஒட்டி நிக்குது. கீழே அந்த அகலம் கிடையாது. நடுவுல நாக்கு வேற தள்ளும். கீழ் செட் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். நாக்கு நுனியைக் கீழ் முன்பல்லுக்குப் பின்னாடி வெச்சுக்கப் பழகினா பெரிய அளவுல அடங்கும்.

13. சாப்பாட்டை மாத்துங்க, ருசியை விட வேண்டாம். முழு செட்டோட கடிக்கிற பலம், சொந்தப் பல்லோட பலத்துல கால் பங்குதான் தேறும். அதை ஏத்துக்கோங்க.

- முதல் வாரம் இட்லி, குழைய வெந்த சாதம், பருப்பு, ராகி சங்கட்டி. சங்கட்டியை நம்ம ஊர்ல யாரும் மெல்லுறதில்ல, குழம்புல தோய்ச்சு முழுங்குறதுதான். புது செட்டுக்கு அதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது.
- ரெண்டு பக்கமும் சமமா வெச்சு மெல்லுங்க. ஒரு பக்கமே மென்னா மறுபக்கம் செட் தூக்கும்.
- முன்பல்லால கடிச்சு இழுக்காதீங்க. கிளிமூக்கு மாங்காயை உப்பு மிளகாய் தொட்டுக் கடிக்கிற ஆசை இருக்கும். மெல்லிசா சீவி கடைவாய்ல போடுங்க. கரும்பு, கொய்யா, சோளக் கதிரு எல்லாத்துக்கும் இதே சட்டம்.
- வேர்க்கடலை செட்டுக்கு அடியில போய் உட்கார்ந்துக்கிட்டா ஊசி குத்துற மாதிரி வலிக்கும். முழுக் கடலையா தின்னாம சட்னி, பொடி, உருண்டையை இடிச்சதுன்னு மாத்திக்கோங்க. எள்ளுக்கும் இதேதான்.
- காபியை முதல்ல உதட்டுல தொட்டுப் பாருங்க. அண்ணத்தை செட் மூடியிருக்கிறதால சூடு வாய்ல தெரியாது, தொண்டையில போய்ச் சுடும்.

14. புண் வந்தா அரத்தைத் தேடாதீங்க. முதல் ரெண்டு வாரத்துல எங்கேயாவது குத்தும், எல்லாருக்கும் வரும். டாக்டர் ஒரு நிமிஷத்துல அந்த இடத்தை மட்டும் ராவிக் கொடுப்பார். வீட்டுல உப்புத்தாள், கத்தி, அரம் எல்லாம் வெச்சு ராவி, நல்ல செட்டைக் கெடுத்துடுறாங்க. இன்னொரு விஷயம்: வலிக்குதுன்னு நாலு நாள் கழட்டி வெச்சுட்டு அப்புறம் டாக்டர்கிட்ட போனா, புண் ஆறியிருக்கும், எங்கே குத்துதுன்னு அவருக்கும் தெரியாது. போறதுக்கு முந்தின நாள் கொஞ்ச நேரம் போட்டுக்கிட்டுப் போங்க. சிவப்புத் தடம் தெரிஞ்சாத்தான் வேலை சுலபம்.

தினமும்

15. ராத்திரி கழட்டுங்க. இதுல பேரமே கிடையாது. ஈறுக்கு ராத்திரியாவது காத்து படணும். போட்டுக்கிட்டே தூங்கினா செட்டுக்கு அடியில காளான் பிடிச்சு அண்ணம் செக்கச்செவேல்னு ஆகும். வலி இருக்காது, அதனால யாருக்கும் தெரியாது. ஜப்பான்ல 85 வயசுக்கு மேற்பட்ட 524 பேரைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2015-ல வெளியாச்சு. செட்டோட தூங்கினவங்களுக்கு நிமோனியா வர்ற ஆபத்து ரெண்டு மடங்குக்கும் மேல இருந்துச்சு. "பல்லில்லாம வீட்டுக்காரர் முன்னாடி இருக்க வெட்கமா இருக்கு"ன்னு போட்டுக்கிட்டுத் தூங்குற அம்மாக்கள் நிறைய. வெளக்கை அணைச்சுட்டுக் கழட்டுங்கம்மா.

16. தேய்க்கிற முறை. வாஷ்பேசின்ல பாதி தண்ணி பிடிச்சு, இல்ல ஒரு துண்டை விரிச்சு, அதுக்கு மேல வெச்சுத் தேய்ங்க. கை வழுக்கி சிமெண்ட் தரையில விழுந்தா ரெண்டா போயிடும். கழுவுற இடத்துல செட் உடையறது சகஜம். மென்மையான பிரஷ், சாதா சோப்பு இல்லன்னா பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு போதும். டூத் பேஸ்ட் வேண்டாம், அது அக்ரிலிக்கைக் கீறும், கீறல்ல அழுக்கு தங்கும். சாம்பல், செங்கல் பொடி, பல்பொடி பற்றிக் கேட்கவே வேண்டாம். ஈறுல படுற உள்பக்கத்தை மறக்காதீங்க, பல பேர் வெளியே தெரியற பல்லை மட்டும் பளபளன்னு தேய்க்கிறாங்க. செட்டைக் கழட்டினதும் ஈறு, அண்ணம், நாக்கு மூணையும் மெல்லிசு துணியால துடைக்கணும்.

17. ஊற வைக்கிறது. மூடி போட்ட டப்பாவுல பச்சைத் தண்ணியில. காஞ்சா செட் அளவு மாறும். கொதிக்கிற தண்ணி ஊத்துனா வளைஞ்சே போயிடும், அப்புறம் வாய்க்குள்ள நுழையாது. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற, செட்டைச் சுத்தம் பண்ற மாத்திரை போட்டா நல்லதுதான். ஆனா செட் வாயில இருக்கும்போது போடக் கூடாது, காலையில நல்லா கழுவிட்டுத்தான் மாட்டணும். அந்த மாத்திரை, தின்கிற மாத்திரை டப்பாவோட ஒரே அலமாரியில இருக்க வேண்டாம், கண்ணு தெரியாத பெரியவங்க முழுங்கிடுவாங்க. பிளீச்சிங் தண்ணி மெட்டல் செட்டை அரிக்கும். அக்ரிலிக்குக்கும் டாக்டர் சொல்லாம போடாதீங்க. அமெரிக்காவுல பல் செட் நிபுணர்களோட சங்கம் 2011-ல கொடுத்த வழிகாட்டுதலே பத்து நிமிஷத்துக்கு மேல கூடாதுங்குது.

நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. வெள்ளையா கறை படியும். அதைச் சுரண்டாதீங்க, வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட கொடுத்தா மெஷின்ல சுத்தம் பண்ணிக் கொடுப்பார். ஊற வைக்க கேன் தண்ணி ஊத்துங்க, பாதிக் கறை குறையும்.

18. ஃபெவிக்விக்கைத் தொடாதீங்க. உடைஞ்சதை ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் செட் இனிமேல் பொருந்தாது, லேப்காரராலயும் சரிபண்ண முடியாது. துண்டு எல்லாத்தையும் பொறுக்கிப் பொட்டலம் கட்டி எடுத்துட்டுப் போங்க, அன்னைக்கு சாயந்தரமே ஒட்டிக் கொடுத்துடுவாங்க. செட் நிக்கிறதுக்குப் போடுற பசையும் அளவோடதான். தினமும் ட்யூப் ட்யூபா தேவைப்படுதுன்னா செட் லூசாயிடுச்சுன்னு அர்த்தம். துத்தநாகம் கலந்த பசையை வருஷக்கணக்கா அதிகமா போட்டா கை கால் மரத்துப் போற அளவுக்கு நரம்பு கெடும். இறந்துபோன மாமனார் செட்டை மாமியாருக்கு மாட்டிப் பார்க்கிற வேலையும் வேண்டாம், ஒருத்தர் அளவு இன்னொருத்தருக்கு வரவே வராது.

வெளியூர், ஆஸ்பத்திரி

19. திருமலை போறீங்களா? மலைப்பாதை வளைவுல குமட்டல் வர்றவங்க பஸ் ஏறும்போதே செட்டைக் கழட்டி டப்பாவுல போட்டுடுங்க. ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தா செட்டும் கூடவே போயிடும், பஸ்ஸை நிறுத்தித் தேட முடியாது. டிஷ்யூவுலயோ பேப்பர்லயோ சுத்தி வைக்கவே வைக்காதீங்க. குப்பைன்னு யாராவது எடுத்துப் போட்டுடுவாங்க. ஆஸ்பத்திரியில செட் தொலையறது பல தடவை இப்படித்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி கழட்டச் சொல்லுவாங்க, பேர் எழுதின டப்பாவோட வீட்டு ஆள் கையில கொடுத்துடுங்க. செட்டுக்குள்ளயே பேர் இருந்தா இன்னும் நல்லது. வீட்டுல நாய் இருந்தா எட்டாத இடத்துல வைங்க, மனுஷ வாசனைக்கு எடுத்துட்டுப் போய்க் கடிச்சுடும்.

எப்போ திரும்பப் போகணும்

20. வலி இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை. "பல்லே இல்ல, பல் டாக்டர் எதுக்கு?"ன்னு கேட்காதீங்க. ஈறு இறங்கியிருந்தா உள்ளே பூசி அளவைச் சரிபண்ணுவாங்க, அதுக்குப் புது செட் வாங்க வேண்டாம். எப்படிக் கவனிச்சாலும் அஞ்சு முதல் ஏழு வருஷத்துல செட்டை மாத்த வேண்டி வரும். பதினஞ்சு வருஷ செட்டுல பல் தேய்ஞ்சு, முகவாய் மூக்கோட ஒட்டி, வாய் ஓரம் வெடிச்சு எரியும். அதுக்கு வைட்டமின் மாத்திரை வாங்கித் தின்னுகிட்டிருப்பாங்க. கோளாறு செட்டுல இருக்கு.

வெத்தலை பாக்கோட புகையிலை போடுறவங்க, இதைத் தனியா கேளுங்க. செட் குத்தின புண்ணுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. செட்டைச் சரிபண்ணி, கழட்டி வெச்சும் ரெண்டு வாரத்துல ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எது இருந்தாலும் தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க. வாய்ப் புற்றுநோயைச் சீக்கிரம் பிடிச்சா குணப்படுத்த வாய்ப்பு அதிகம். லேட்டானா தாடையையே எடுக்க வேண்டி வரலாம்.

உங்களுக்கு வேலை ஆயிரம் இருக்கும், எனக்குத் தெரியும். இன்னைக்கு ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. அம்மாவோ மாமனாரோ செட் போட்டிருந்தா கழட்டச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி, செல்போன் டார்ச் அடிச்சு அண்ணத்தைப் பாருங்க. ரோஸ் கலர்ல இருந்தா நல்லது. செட் வடிவத்துலயே சிவந்து கிடந்தா, இந்த வாரமே பஸ் ஏறுங்க.